சுளகை ஆச்சியின் கையில் கொடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களைப் பழைய கமச் சாமான்கள் வைத்திருக்கும் அரும்பொருட்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்பதே அந்த விடயம். அதனால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதியோர் பராமரிப்பிலும் கமத்திலும் பழகியவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் 22 பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்குச் சக்கர நாற்காலி. தைப்பொங்கலுக்குப் பிறகு நாவற்குழியில் உள்ள சிவபூமி யாழ்ப்பாணம் அரும்பொருட்காட்சியகத்துக்கு எல்லாரையும் ஒரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறோம். பணியாளர் ஐந்து பேர். எங்கிருந்து தொடங்குவது?
— இல்லப் பொறுப்பாளர், சுன்னாகம்

பதில்: எல்லாரையும் ஒரே நாளில் கொண்டுபோகும் எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவரை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போய்த் திரும்ப 10 நிமிடம் ஆகும். 22 பேருக்கு ஒரே மலசலகூடம் என்றால் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். சாமான்களைப் பார்க்க நேரம் எங்கே?

ஒரு நடைக்கு ஆறு பேர் போதும். அதில் சக்கர நாற்காலி இரண்டுக்கு மேல் வேண்டாம். நான்கு நடையில் விரும்பியவர் எல்லாரும் போய் வந்துவிடலாம். உங்கள் ஐவரில் மூவர் பயணத்துக்கு வரட்டும், இருவர் இல்லத்தில் நிற்கட்டும். உறவினரோ தொண்டரோ இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி ஒவ்வொன்றுக்கும் ஒருவர், நடப்பவர் இருவருக்கு ஒருவர் என்று பிரித்தால் ஐந்தாவது ஆள் மிஞ்சுவார். அவர் யாருடைய கையையும் பிடிக்கக் கூடாது. ஒருவருக்குத் தலை சுற்றினால், ஒருவர் கூட்டத்தை விட்டு விலகி நடந்தால், ஓடிப்போக வேண்டியவர் அவர்தான். எல்லாருடைய கையிலும் வேலையைக் கொடுத்து அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

போவதற்கு ஒரு கிழமை முன் ஒருவர் அளவு நாடாவோடு போய் இடத்தைப் பார்த்து வரவேண்டும். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 25 முதல் 27 அங்குலம். தள்ளுபவரின் விரல் நிலையில் நசியாமல் இருக்க 32 அங்குலத் திறப்பு வேண்டும். சரிவுப் பாதை இருந்தால், உயரம் ஓர் அடிக்கு நீளம் 12 அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதைவிடச் செங்குத்தென்றால் தள்ளுவதற்கு இருவர் தேவை. இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்கவேண்டும். முன்பக்கமாக இறக்கினால் இருப்பவர் முகங்குப்புற வழுக்கி விழுவார். மணலிலும் சல்லிக் கல்லிலும் முன் சில்லு புதையும். அங்கே நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள்.

மலசலகூடம் குந்தும் வகையா, கொமட்டா என்று கட்டாயம் பாருங்கள். குந்தும் வகை மட்டும் என்றால் இல்லத்துக் கொமட் கதிரையையும் வாகனத்தில் ஏற்றவேண்டும். இருந்து ஆற வாங்கு எங்கே இருக்கிறது, செருப்பைக் கழற்றச் சொல்வார்களா என்றும் கேளுங்கள். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயிலில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு நின்றால் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும். அவர்களுக்குத் தடித்த காலுறை கொண்டுபோங்கள்.

நீங்கள் சொன்ன காலம் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், பங்குனி – சித்திரை வெயில் இன்னும் தொடங்கியிராது. ஆனால் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மூச்சிழுப்பு உள்ளவர்களை ஏழு மணிக்கே வெளியில் இறக்க வேண்டாம். எட்டரைக்குப் புறப்பட்டு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அங்கே நின்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லத்துக்குத் திரும்புவது பொருத்தம்.

வாகனப் படியில் ஏறுவதற்கு ஆறு முதல் எட்டு அங்குல உயரத்தில், அசையாத பலகைப் படி ஒன்று கொண்டுபோங்கள். பாரிசவாதம் வந்தவர்கள் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது ஏலாத காலையும் முதலில் வைக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை வாகன இருக்கைக்கு மாற்றிவிட்டு நாற்காலியை மடித்து ஏற்றுங்கள். நாற்காலியை இறுக்கிப் பூட்டும் வசதி இல்லாத வாகனத்தில் அவரை அதிலேயே இருத்திக்கொண்டு போவது ஆபத்து. பிறேக் பிடித்தால் ஆளும் நாற்காலியும் சேர்ந்து உருளும்.

இன்னும் ஒன்று. வெளி வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். கண்ணில் வெண்புரை உள்ளவருக்கு இருட்டுப் பழக நேரம் வேண்டும். நிலைப்படியில் தடக்கி விழுவது அந்த முதல் நிமிடத்தில்தான்.

கேள்வி: பயண நாளில் மருந்துகளை எப்படிக் கொடுப்பது? தண்ணி போகும் குளிசையை அன்று நிறுத்திவிடலாமா? சீனி வருத்தக்காரர் நால்வர் இருக்கிறார்கள்.
— தாதி, மானிப்பாய்

பதில்: நிறுத்தாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கு அந்தக் குளிசை தவறினால் கால் வீங்கலாம், இரவில் மூச்சு முட்டலாம். மூத்திரம் அடிக்கடி வரும் என்பதுதான் சிக்கல் என்றால், அன்று மட்டும் திரும்பி வந்தபின் மத்தியானம் கொடுக்கலாமா என்று முதல் நாளே வைத்தியரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படி மாற்ற முடியும். முடிவு வைத்தியருடையது.

இன்சுலினில் நடக்கும் பிழை வேறு. காலையில் அவசரமாக ஊசியைப் போட்டுவிட்டு, 'வாகனத்தில் சாப்பிடலாம்' என்று ஏற்றுவார்கள். வாகனம் பிந்தும், சாப்பாடும் பிந்தும், சீனி இறங்கும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைக் கோப்பை முன்னால் வந்தபின் போடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகே ஏற்றுங்கள். மருந்தைக் கொண்டுபோகவேண்டியிருந்தால் வாகனத்துக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கதவு பூட்டிய வாகனம் வெயிலில் அரை மணித்தியாலத்தில் அடுப்பாகிவிடும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டவும் கூடாது, உறைந்த இன்சுலின் பழுதாகிவிடும். துணியில் சுற்றி, குளிர்ச்சியான பையில் வையுங்கள்.

வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் சீனி குறைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தபின் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இறங்கும். 'சீனி வருத்தக்காரர்தானே' என்று சீனி போடாத பானத்தைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கேள்வி: நான் உயர்தர மாணவி. இல்லத்து அப்புமாருக்குத் துணையாகப் போகிறேன். துலா என்று ஒன்று இருக்கும், அதைப் பற்றித்தான் அவர்கள் கனக்கக் கதைப்பார்கள் என்கிறார்கள். எனக்கு அது எப்படி வேலை செய்தது என்றே தெரியாது. என்ன கேட்பது?
— தொண்டர், உரும்பிராய்

பதில்: நல்ல கேள்வி. தெரிந்துகொண்டு போனால்தான் கதை நீளும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கும். அதைக் கிணற்றால் எடுத்துத்தான் செம்பாட்டுத் தோட்டங்களில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தன. எடுத்த கருவி துலா.

கிணற்றடியில் நிற்கும் இரண்டு தூண்கள் ஆடுகால். அவற்றுக்குக் குறுக்கே அச்சுலக்கை. அதன்மேல் தராசுத் தண்டுபோல் ஏறி இறங்கும் நீண்ட மரம்தான் துலா. பெரும்பாலும் பனைமரம். நுனியிலிருந்து தொங்குவது துலாக்கொடி, அதன் முனையில் பனையோலையால் இழைத்த பட்டை. வீட்டுக் கிணற்றின் சின்னத் துலாவில் பின்பக்கம் கல்லுக் கட்டியிருப்பார்கள், ஒருவரே அள்ளலாம். தோட்டத்து இறைப்புத் துலா அப்படியல்ல. அதன் மேல் ஆள் ஏறி நடக்கவேண்டும். கிணற்றுப் பக்கம் நடக்க நுனி தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் போகும். பின்பக்கம் நடக்கப் பட்டை நிறைந்து மேலே வரும். கிணற்று வாயில் நிற்பவர் கொடியைப் பிடித்துப் பட்டையைத் தொட்டியில் கவிழ்ப்பார். மூன்றாமவர் தோட்டத்துக்குள் நின்று, வாய்க்காலில் ஓடும் தண்ணீரை ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் மறித்து அடுத்த பாத்திக்குத் திருப்புவார். மிதிப்பவரும் பிடிப்பவரும் ஒரே தாளத்தில் இயங்காவிட்டால் பட்டை கிணற்றுக் கட்டில் அடித்துக் கிழியும், மேலே நிற்பவர் கால் தவறுவார்.

பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. நாள் முழுக்க மூவர் உடம்பை முறித்து எடுத்த தண்ணீரை இயந்திரம் கொஞ்ச நேரத்தில் எடுத்தது. அது பெரிய விடுதலை. ஆனால் மேலே மிதக்கும் நன்னீரை வேகமாக உறிஞ்சினால் அடியிலுள்ள உவர் மேலெழும். சில கிணறுகள் உவராக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என்ன கேட்பது என்பதற்கு வருவோம். 'இது என்ன என்று தெரியுமா, அப்பு?' என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. பெயர் வாய்க்கு வராவிட்டால் அவர் வெட்கப்பட்டு அத்தோடு கதையை நிறுத்திவிடுவார். பதிலாக, 'அப்பு, நீங்கள் மிதிச்சனீங்களோ, பட்டை பிடிச்சனீங்களோ?' என்று கேளுங்கள். எந்தப் பதில் சொன்னாலும் அது சரியான பதில். 'ஒரு இறைப்புக்கு எத்தனை மணிக்கு எழும்புவியள்?', 'தோட்டம் எத்தனை பரப்பு?' என்று தொடருங்கள். பரப்பு என்று அவர் சொல்லும்போது நீங்கள் ஏக்கரில் திணற வேண்டாம். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர்.

'இறைப்புக்காரருக்குச் சாப்பாடு எப்ப வரும், ஆர் கொண்டு வாறது?' என்றும் கேளுங்கள். அங்கேதான் ஆச்சிமாரும் கதைக்குள் வருவார்கள்.

கேள்வி: எங்கள் ஐயாவுக்கு 84 வயது. மறதி நோய். கமக்காரர். பின்னேரமானால் 'மாடு அவிழ்த்துக் கட்டவேணும், தோட்டத்துக்கு விடு' என்று வாசலுக்கு ஓடுகிறார். அவரை இப்படியான இடத்துக்குக் கூட்டிப்போனால் இன்னும் குழம்புவாரோ என்று பயமாக இருக்கிறது.
— மகள், கோண்டாவில்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் கூட்டிப்போகலாம் என்றே சொல்வோம். நேற்று நடந்ததும் பிள்ளையின் பெயரும் மறந்துபோகும் காலத்திலும், கை பழகிய வேலை நெடுநாள் தங்கும். கலப்பையின் மேழியில் கை வைத்ததும் விரல்கள் தாமாக மடங்கும். மண்வெட்டிப் பிடியைக் கொடுத்தால் எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று யோசிக்கமாட்டார். இல்லத்தில் காலை முதல் இரவு வரை மற்றவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே அவர் சொல்லிக்கொடுப்பவர். இந்தப் பயணத்தின் பயன் அதுதான்.

காலையில் மட்டும் போங்கள். பின்னேரத்து அந்தரம் வருமுன் வீடு சேரவேண்டும். மூன்று நாள் முன்னரே சொல்லி வைத்தால் மூன்று நாளும் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். வெளிக்கிடும் காலையில் சொன்னால் போதும். மண்டபம் முழுவதும் சுற்ற வேண்டாம். நான்கு சாமான், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். கூட்டமான பாடசாலைப் பிள்ளைகள் வரும் நாளைத் தவிருங்கள், சத்தம் தாங்கமாட்டார்.

'மாடு கட்டவேணும்' என்றால் 'மாடு ஏது, எல்லாம் வித்தாச்சே' என்று திருத்தாதீர்கள். அவருக்கு அது அப்போதுதான் விழுகிற இழப்பு. 'எத்தனை மாடு ஐயா? எது குத்துற மாடு?' என்று கேளுங்கள். கதையோடு நடந்தால் வாசலைத் தாண்டி வந்துவிடுவார்.

இதைவிடக் கனமான ஒன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களும், 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களும் இந்த வயதினர்தான். வயலையும் கிணற்றையும் விட்டுவிட்டு, கட்டியிருந்த மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு நடந்த கைகள் அவை. ஒரு மாட்டுக் கயிற்றைப் பார்த்ததும் ஒருவர் அழக்கூடும். அழுதால் பேச்சை மாற்றி 'வாங்கோ, அங்கால வடிவான சாமான் இருக்கு' என்று இழுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக ஓயும். ஓயாமல் மூச்சு வாங்கினாலோ, பயந்து ஒளிய இடம் தேடினாலோ மட்டும் அமைதியாக வாகனத்துக்குக் கூட்டி வாருங்கள். அன்றிரவு கடமையில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். நித்திரையில் அது திரும்ப வரலாம்.

புகையிலை பற்றி ஒரு எச்சரிக்கை. மணத்துக்காகக் காய்ந்த இலையை மூக்கில் பிடிப்பது நல்ல யோசனைதான். ஆனால் கையில் கொடுத்துவிட்டு அங்கால் போகாதீர்கள். வெற்றிலை போட்டுப் பழகியவர் நொடியில் கிள்ளி வாயில் அடக்கிவிடுவார். நீண்ட நாள் விட்ட உடம்பு தலைசுற்றி வாந்தி எடுக்கும்.

கேள்வி: ஆண்களுக்குக் கலப்பை, துலா. பெண்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: பாதிக்கு மேல் அவர்களுடையதுதான். உரல், உலக்கை, அம்மி, திரிகை, கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, புல்லுச் செருக்கும் உழவாரம். எல்லாவற்றிலும் அரிசி புடைக்கும் சுளகுக்கு இணை இல்லை.

இல்லத்திலிருந்து உங்கள் சொந்தச் சுளகொன்றைக் கொண்டுபோங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பழைய ஓலைச் சாமான்கள் காய்ந்து முறியும் நிலையில் இருக்கும், அவற்றைத் தொட அனுமதி கேட்பதே சரியில்லை. சுளகில் கால் கிலோ கைக்குத்தரிசியும் ஒரு பிடி உமியும் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் மணிக்கட்டு தாங்காது. கைப்பிடி இல்லாத கதிரையில் ஆச்சியை இருத்துங்கள். கைப்பிடி இருந்தால் முழங்கை இடிபடும். பிறகு ஒன்றும் சொல்லாமல் சுளகை மடியில் வையுங்கள்.

கவனித்துப் பாருங்கள். மேலே எறிந்து ஏந்தினால் அது புடைத்தல், உமி முன்னால் பறக்கும். பக்கவாட்டில் ஆட்டிக் கல்லை ஒதுக்கினால் கொழித்தல். நுனியை மெல்லத் தட்டிக் குறுநொய்யைப் பிரித்தால் தெள்ளுதல். மூன்றுக்கும் மூன்று அசைவு, மூன்று சத்தம். பேச்சே போய்விட்ட ஆச்சியும் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவார், ஏனென்றால் அரிசியில் இன்னும் கல் இருக்கிறது. அதனால் கழுவிய சிறு கற்கள் ஐந்தாறைப் போட்டுவையுங்கள், வேலை உண்மையான வேலையாக இருக்கவேண்டும். முடிந்ததும் கற்களை எண்ணி எடுங்கள். உமி பறக்கும் பக்கத்தில் யாரையும் இருத்த வேண்டாம். உமித் தூசு இழுப்புக்காரருக்கு ஆகாது.

உலக்கையைக் கொடுக்காதீர்கள். பூண் போட்ட உலக்கையைத் தூக்கும் அசைவு நினைவில் இருக்கும், தோள்மூட்டில் இருக்காது.

கேள்வி: பயணத்தின் முடிவில் எல்லாருக்கும் ஒடியற்கூழ் காய்ச்சிப் பனையோலைப் பிளாவில் வார்க்கலாம் என்று யோசனை. 15 பேர் வரை. எவ்வளவு சாமான் வேண்டும்?
— சமையற்காரர், நல்லூர்

பதில்: ஆளுக்கு 200 மில்லிலீற்றர் போதும், மொத்தம் மூன்று லீற்றர். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா கால் கிலோ எடுத்து, முன்கூட்டியே தண்ணீரில் சில மணித்தியாலம் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, திரும்பவும் ஊற்றி வடியுங்கள். காறல் போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் குழைய வெந்தபின் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவுங்கள். மிளகாயை வழக்கத்தில் மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். நண்டும் மீனும் இந்தக் கூழுக்கு வேண்டாம். ஓடும் முள்ளும் கண்பார்வை குறைந்தவருக்கு ஆபத்து, சைவக்காரரும் சேர்ந்து குடிக்கலாம்.

இனி முக்கியமான இடம். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கக் கஷ்டப்படுபவருக்குக் கூழைப்போல் சிக்கலான சாப்பாடு குறைவு. நீரும் துண்டும் ஒரே வாயில் போகும். நீர் முந்தி ஓடும், துண்டு வாயில் நிற்கும், நீர் மூச்சுக் குழலுக்குள் இறங்கும். அவர்களுக்கு வடித்து, துண்டில்லாமல், அவர்களுக்குச் சொல்லப்பட்ட தடிப்பில் கரண்டியால் கொடுங்கள். கூழ் ஆற ஆறத் தடிக்கும் என்பதால் தடிப்பைக் கொடுக்கும் நேரத்தில் பாருங்கள், அடுப்படியில் அல்ல. நிமிர்ந்து இருந்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கவேண்டும். முடிந்து அரை மணித்தியாலம் சாய விடாதீர்கள்.

அவர்களுக்குப் பிளாவும் வேண்டாம். பிளாவில் குடிக்கத் தலையை அண்ணாந்தாகவேண்டும், விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு அந்த நிலைதான் கூடாது. வெற்றுப் பிளாவை மடியில் கொடுங்கள், ஓலை மணமாவது சேரட்டும். மற்றவர்களுக்குப் பிளாவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். கூழ் இரசத்தைப்போல் ஆறாது, ஏடு படர்ந்து உள்ளே சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். நடுங்கும் கையில் நிறைந்த பிளா நெஞ்சில் கவிழ்ந்தால் மெல்லிய தோல் அப்படியே உரியும். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இளஞ்சூடாக இருந்தால் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் ஓர் அப்பு, 'அந்தச் சாமானெல்லாம் பார்க்க நான் வரேல்லை' என்று உறுதியாக நிற்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— பணியாளர், பருத்தித்துறை

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம். வரவில்லை என்பது அவருடைய முடிவு.

காரணம் இதுவாகவும் இருக்கலாம். துலா மிதித்தவர் எல்லாரும் தன் தோட்டத்துக்கு மிதிக்கவில்லை. பிறர் காணியில் கூலிக்கு இறைத்து, வெளியில் சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்து, சாதியின் பெயரால் கிணற்றுக் கட்டில் கை வைக்கக்கூட விடப்படாதவர்கள் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். காட்சிப் பலகைகளில் கருவியின் பெயர் இருக்கும், அதை இயக்கியவரின் பெயர் இருப்பது அரிது. 'அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்' என்ற பேச்சு அவருக்குக் குத்தும். ஆகவே உடன் போகும் யாரும் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டாம் என்று முதலே பேசிவையுங்கள். 'நீங்கள் மரம் ஏறினனீங்களோ?' என்று தொழிலை ஊகித்துக் கேட்பதும் கூடாது. அவராகச் சொன்னால் கேளுங்கள்.

அவர் இல்லத்தில் தங்கும் நாளில் அவருக்குப் பிடித்த ஒருவர் கூட நிற்கட்டும்.

கேள்வி: வாகனத்துக்குப் பணம் இல்லை. சாமான்களை இல்லத்துக்குக் கொண்டுவந்து காட்டலாமா?
— காரைநகர்

பதில்: தாராளமாக. படுக்கையில் இருப்பவருக்கு அதுவே நல்லது. அயலில் கேட்டால் அரிசி அளக்கும் கொத்து, சுளகு, கடகம், மாட்டு மணி, ஒரு பிடி சாமை, குரக்கன், புழுக்கொடியல் எல்லாம் கிடைக்கும். ஒரு முறைக்கு ஐந்து பொருள். கூரானதும் துருப்பிடித்ததும் வேண்டாம். இரத்தம் உறையாமல் குளிசை எடுப்பவருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். பழைய மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கழுவியிருந்தாலும் கொண்டுவராதீர்கள், உள்ளே நஞ்சு தங்கியிருக்கும். தொட்டு முடிந்ததும் எல்லாருடைய கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி.

கேள்வி: அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைக்கலாமா?
— ஆசிரியர், தெல்லிப்பழை

பதில்: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மறதி உள்ளவரானால் அவரிடமும் அவரது குடும்பத்திடமும் கேளுங்கள். முகத்தை எடுக்காமல் கையை மட்டும் படம் எடுத்தாலே பெரும்பாலான விடயம் வந்துவிடும்.

பொருள் ஒன்றுக்கு ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பொருளை அவர் எந்தப் பெயரால் அழைத்தார், எந்த ஊரில், எதனால் செய்தது, எந்த மாதத்தில் எடுத்தது, உடைந்தால் யார் திருத்தினார் என்ற ஐந்தும் போதும். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், நூல் தமிழுக்கு மாற்றாதீர்கள். தென்மராட்சியில் ஒரு பெயரும் தீவுப்பகுதியில் இன்னொரு பெயரும் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே உரத்து வாசித்துக் காட்டுங்கள். பலர் அப்போதுதான் 'இல்லைப் பிள்ளை, அப்பிடியில்லை' என்று திருத்துவார்கள். திருத்தியபின், அவர் சம்மதித்தால், ஒரு பிரதியை அரும்பொருட்காட்சியகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கலப்பைக்கும் துலாவுக்கும் அங்கே பெயர்ப்பலகை இருக்கலாம். அச்சுலக்கைக்கும் துலாக்கொடிக்கும் பெரும்பாலும் இருக்காது.